விதையும் இவங்களே, மருந்தும் இவங்களே... சின்ஜென்டா யாருடைய கம்பெனி?

வயலில் விதைக்கும் விதை, அதன்மேல் தெளிக்கும் மருந்து. இரண்டையும் விற்கும் உலகின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்றுதான் சின்ஜென்டா.

எப்போது உருவானது?
2000-ம் ஆண்டில், நோவார்ட்டிஸ், அஸ்ட்ராஜெனெகா ஆகிய இரண்டு மருந்து நிறுவனங்களும் தங்கள் வேளாண் பிரிவுகளைத் தனியாகப் பிரித்து ஒன்றாக்கின. தலைமையகம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம்.

இப்போது யார் கையில்?
சீனா கையில். அந்நாட்டு அரசு நிறுவனமான கெம்சைனா, 2017-ல் சுமார் 4,300 கோடி டாலர் கொடுத்து இதை வாங்கியது. மக்கள்தொகை அதிகம், விளைநிலம் குறைவு என்பதால் விதைத் தொழில்நுட்பம் சீனாவுக்கு அவ்வளவு முக்கியம்.

அப்படின்னா சர்ச்சை எதற்கு?
'கிராமக்ஸோன்' என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக விற்கப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லிதான் காரணம். உடலுக்குள் போனால் நுரையீரலைச் சிதைக்கும். முறிவு மருந்தே கிடையாது. சொந்த நாடான சுவிட்சர்லாந்தில் 1989-லேயே தடை. ஐரோப்பிய யூனியனில் 2007-ல் தடை. ஆனாலும் வேறு நாடுகளில் விற்பனை தொடர்ந்தது. இங்கே ஆகாதது அங்கே மட்டும் ஆகுமா என்பதுதான் கேள்வி.

பார்கின்சன் நோய்க்கு இதுவே காரணம் என அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் வழக்குத் தொடர்ந்தனர். நிறுவனம் அதை மறுக்கிறது.

தடை போட்டால் பலன் உண்டா?
உண்டு. இலங்கை 2008 முதல் 2011-க்குள் பாராகுவாட் உள்ளிட்ட 3 மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. அதன்பிறகு அங்கே பூச்சிமருந்து நஞ்சால் ஏற்பட்ட மரணங்கள் குறைந்தன.