மணலிலிருந்து பென்சிலுக்கு: தஞ்சைத் திண்ணைப் பள்ளியின் எழுத்துப் பயிற்சி குறித்து ஒரு மறுபார்வை

விஜயதசமியன்று பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் நெல்லையோ அரிசியையோ தட்டில் பரப்பி, மடியில் உட்கார்த்திய குழந்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கிறார்கள். மறுவாரமே அந்தக் குழந்தையின் கையில் பென்சிலும் புள்ளிக்கோடு அச்சிட்ட பயிற்சி நூலும் ஏறிவிடுகின்றன. மாதக்கணக்கில் நீண்ட ஒரு பயிற்சியின் தொடக்கமாக இருந்தது, ஒரு நாள் சடங்காகச் சுருங்கியிருக்கிறது. அந்த இடைக்காலப் பயிற்சிக்கு உடலியல் நியாயமும் கற்றல் நியாயமும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காவிரிப் படுகையின் திண்ணைப் பள்ளிகளில் எழுத்து மணலில்தான் தொடங்கியது. வாத்தியார் மணலைப் பரப்பி எழுதிக் காட்டுவார். பிள்ளை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே அதை விரலால் எழுதும். கலைத்துவிட்டு மீண்டும் எழுதும். விரல் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். எழுத்தாணி வலக்கைப் பிடிக்குள் இருக்க, இடக்கைக் கட்டைவிரல் அதற்கு முட்டுக் கொடுத்து நகர்த்த வேண்டும். இரு கைகளும் ஒத்துழைக்காமல் ஓர் எழுத்துகூட விழாது. அழுத்தம் கூடினால் ஓலை கிழியும். இந்த முறை பெரியவர்களுக்கும் உதவியது. 1706-இல், அன்று தஞ்சை அரசின் எல்லைக்குள் டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், உள்ளூர் வாத்தியார் ஒருவரின் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் தமிழெழுத்துப் பழகினார்.

சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் வகுப்பில் புகுத்தினார். 1797-இல் அவர் வெளியிட்ட நூல் வழியே இம்முறை இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு அங்கே ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைக்கு அது புதிதல்ல.

மணலுக்கு என்ன தனிச்சிறப்பு? குழந்தையின் கையில் கட்டுப்பாடு தோளிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து மணிக்கட்டுக்கும், கடைசியில்தான் விரல்நுனிக்கும் இறங்கி வருகிறது. நான்கு வயதில் மணிக்கட்டு எலும்புகள் சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையிடம் இரட்டைக்கோடு நோட்டின் சிறு இடைவெளிக்குள் ‘இ’ எழுதச் சொன்னால், அது பென்சிலை முறுக்கிப் பிடிக்கும். தாளும் கிழியும், ஆசையும் போகும். மணலில் எழுத்து சாண் அகலத்துக்கு விரியலாம், தோளே எழுதலாம். மணலின் எதிர்ப்பு விரல்நுனிக்கு ஓட்டத்தை உணர்த்துகிறது. தப்பு ஒரு தடவலில் மறைந்துவிடுகிறது. ரப்பர் வைத்துத் தேய்த்த தாள் அவ்வளவு தாராளமாக மன்னிப்பதில்லை.

இதுவரை சொன்னதைப் புள்ளிக்கோட்டு நூல்காரர்களும் ஒப்புக்கொள்ளக்கூடும். வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. காரின் ஜேம்ஸ், லாரா எங்கெல்ஹார்ட் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்துகளில் சிலவற்றைத் தாமாக எழுதினர், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தனர், சிலவற்றைத் தட்டச்சு செய்தனர். பின்னர் அவ்வெழுத்துகளைப் பார்க்கும்போது எடுத்த மூளைப் படங்களில், படிப்போடு தொடர்புடைய பகுதிகள் தெளிவாக இயங்கியது தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். குழந்தை எழுதும் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு விதமாகக் கோணுவதே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் விளக்கம்: பல கோணல்களைப் பார்த்த பிறகே எது மாறினாலும் எழுத்து அதேதான், எது மாறினால் வேறு எழுத்து என்று மூளை பிரித்தறிகிறது. ஆங்கில எழுத்தில் செய்த ஆய்வு இது. ஆனால் ஒரு சுழி கூடினால் ‘ன’ ‘ண’ ஆகிவிடும் நம் எழுத்துக்கு அந்தப் பிரித்தறிவு இன்னும் அதிகமாகவே வேண்டும் என்பேன்.

இந்த அளவுகோல் மணலுக்கும் பொருந்தும். வாத்தியார் கீறிய பள்ளத்திலேயே விரல் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் புள்ளிக்கோடுதான். மணலைச் சமன்செய்து, மாதிரியில்லாமல் எழுது என்று சொல்லும் கணத்தில்தான் அது கற்பிக்கத் தொடங்குகிறது. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து பயிற்சியளித்த முறையில் உப்புத்தாள் எழுத்துகள் உண்டு. விரலுக்கு வழி காட்ட அவை நல்லவை. எழுதுவதற்கு அவை மாற்றாகா.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்குவது என் நோக்கமன்று. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவைக்கும் கோதண்டம் போட்ட பள்ளி அது. 1820களில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ தொகுத்த கணக்கில் சென்னை மாகாணப் பள்ளிகளில் இருந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர். தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாத உயரம். பள்ளிக்கு வெளியே நின்ற பெண்களில் பலர் வாசலில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை எடுத்து, இழை அறாமல் விட்டு, புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக்கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பென்சில் பிடிக்குத் தேவையான அதே கிள்ளுப்பிடி. வளைவு, சுழி, திருப்பம் எல்லாம் அதில் உண்டு. நுண் இயக்கத் திறன் நிறைந்திருந்த கைகளுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. கைத்திறன் வந்தால் எழுத்தறிவு தானாக வரும் என்று இன்று சொல்லும் விளம்பரங்களுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு தேவையில்லை. விரலோடு ஒலியும் பொருளும் சேர வேண்டும். திண்ணையில் உரக்கச் சொல்லி எழுதியது வெறும் சத்தமன்று.

எழுத்தின் வரிசையும் கையைப் பொறுத்த கேள்விதான். ‘அ’ மங்கலமான தொடக்கம்; ஆனால் வளைவு, சுழி, படுகோடு, செங்குத்துக் கோடு நான்கும் அதில் உண்டு. ‘ட’ ஒரு இறக்கம், ஒரு ஓட்டம், அவ்வளவே. அதன் முனையில் கோடு மேலேறினால் ‘ப’. கை கேட்பது இந்த வரிசையை. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தம் ‘ணை’, ‘லை’ போன்றவற்றின் பழைய துதிக்கை வடிவத்தை நீக்கியபோது அச்சுக்கு மட்டுமல்ல, சின்னக் கைக்கும் சுமை குறைந்தது.

செயல்வழிக் கற்றல் 2007-08 காலத்தில் அரசுப் பள்ளிகளெங்கும் பரவியபோது, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரெங்கும் கரும்பலகை வந்தது. தோளால் எழுதும் இடம் அப்படித் திரும்பக் கிடைத்தது. அங்கன்வாடிக்கு அதுகூட வேண்டாம். விளிம்புள்ள ஒரு தட்டும் சலித்த மணலும் போதும். காவிரிக் கரையிலேயே ஆற்று மணல் எட்டாத விலைக்குப் போய்விட்ட இக்காலத்தில், தவிடோ ரவையோ போட்டாலும் குறைவில்லை. பென்சில் எப்போது என்று பெற்றோர் கேட்பார்கள். வயதைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை: தட்டைச் சமன்செய்து, மாதிரி காட்டாமல், ‘ப’ எழுதச் சொல்லுங்கள். குழந்தை இடப்புறம் மேலிருந்து தொடங்கி, கையை எடுக்காமல், ‘ப’ என்று சொல்லிக்கொண்டே முடித்தால் பென்சில் கொடுக்கலாம். இல்லையென்றால் தட்டு இன்னும் சில வாரம் இருக்கட்டும்.