படிக்க மட்டும் ஒரு நகல்

பி.காம். படிக்கிறவனுக்கு டேட்டாபேஸில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். குறிப்பேடும் பேரேடும் தெரிந்தவனுக்கு இது பாதி தெரிந்த கதைதான்.

டேட்டாபேஸை ஒரு பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றமும் 'லாக்' என்ற குறிப்பேட்டிலும் பதிவாகிறது. பேரேட்டின் பழைய நகலும், அதற்குப் பிந்தைய குறிப்பேட்டுப் பக்கங்களும் இருந்தால் போதும். வரிசை தப்பாமல் எடுத்தெழுதினால் இன்னொரு மேஜையில் அதே பேரேடு தயார். அந்த மேஜைதான் ஸ்டாண்ட்பை சர்வர்.

1996-ல் வந்த ஆரக்கிள் 7.3-லேயே இது உண்டு. ஆனால் அந்த நகலைத் திறந்து பார்க்க முடியாது. 1999-ல் 8ஐ வந்தபோது படிக்க மட்டும் திறக்கலாம் என்றார்கள். திறந்திருக்கும் நேரத்தில் புதுப் பக்கம் ஏறாது. எஸ்க்யூஎல் சர்வர் 2000 செய்தது எனக்குப் பிடித்த வித்தை. முடியாமல் பாதியில் நிற்கும் பதிவுகளைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியைப் படிக்கக் கொடுக்கும். அடுத்த பக்கம் ஏற்ற வேண்டுமென்றால் படிப்பவர்களை வெளியே அனுப்ப வேண்டும். (நூலகத்தில் மணி அடிப்பார்களே, அது மாதிரி!) படிக்கும்போதே பக்கமும் ஏறுவது 2007-ல் ஆரக்கிள் 11ஜி-யிலும், 2010-ல் போஸ்ட்கிரெஸ் 9.0-விலும் வந்தது.

நகலைத் திறந்து பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஸ்டாண்ட்பை பின்தங்கிவிட்டது. அதை அழித்து மறுபடி உருவாக்க நினைத்த பொறியாளர், தவறுதலாக மூல சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஸ்டாண்ட்பையோ ஏற்கெனவே காலி. தினசரி பேக்கப்பைத் தேடினால் அங்கே ஒன்றுமே இல்லை! 9.6 டேட்டாபேஸை 9.2 காலத்துக் கருவி எடுக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை.

கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? வாசிப்புச் சுமையை ஸ்டாண்ட்பைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சோதனைக்காக, அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு தன் கையால் எடுத்த ஒரு நகல். அதைத் திரும்பக் கொண்டுவர சுமார் 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உருவான ஏறக்குறைய 5000 திட்டங்களும் 700 பயனர் கணக்குகளும் போனது போனதுதான்.

இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே எழுதி வைத்ததால்தான் நாம் படிக்க முடிகிறது. அப்புறம் வேண்டுமென்றே 8 மணி நேரம் பின்தங்கி நிற்கும் ஒரு ஸ்டாண்ட்பையையும் வைத்துக்கொண்டார்கள். மூலத்தில் எதையாவது தப்பாக அழித்தால், அந்த அழிப்பு நகலுக்கு வந்து சேர 8 மணி நேரம் ஆகுமே!