பங்கிலாபம் விளைந்த மலைகள்

கனடாவில் வாழும் நம்மவர் கூடுமிடங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. எண்ணெயையும் எரிவாயுவையும் குழாய்வழியே கொண்டுசெல்லும் கம்பனிகளின் பங்குகளை வாங்கி வைத்துவிட்டால், வீட்டு வாடகை வருவதுபோல் பங்கிலாபம் வந்துகொண்டிருக்கும், ஓய்வுகாலத்தை அதைக்கொண்டே கழிக்கலாம் என்பது அப்பேச்சின் சாரம். பங்கிலாபம் என்று இலங்கையில் நாம் சொல்வதைத் தமிழகத்தார் ஈவுத்தொகை என்பர். குழாய் ஒருமுறை புதைக்கப்பட்டுவிட்டது. நீண்டகால ஒப்பந்தங்கள் கையிலுள்ளன. எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் குழாயில் ஓடும் அளவுக்குக் கட்டணம் கிடைக்கும் என்பது வாங்குவோர் கூறும் நியாயம்.

நான் பங்குத் தரகனல்லன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கண்டிப் பகுதியில் செய்தியாளனாக அலைந்த ஆண்டுகளில், இதே எண்ணத்தோடு வேறொரு நாட்டார் போட்ட பணம் என்னவாயிற்று என்பதன் தடயங்களைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்த வரலாற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பதிவின் நோக்கம்.

கோப்பி தந்த பாடம்

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி அமைத்தார். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாமே கோப்பித் தோட்டமும் திறந்தார். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனைகளையும் அரசின் உடைமையாக்கியது. அக்காணிகளை வாங்கியோரில் தேசாதிபதி முதல் அரச உத்தியோகத்தர் வரை பலர் இருந்தனர்.

1847 அளவில் விலைச் சரிவினால் முதல் அடி விழுந்தது. பின்னர் நிலைமை தேறி, 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1870 இல் கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, 1869 இல், இலைத்துரு நோய் தீவில் கண்டறியப்பட்டிருந்தது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற அதன் விஞ்ஞானப் பெயரைத் திரித்து 'நாசகாரி எமிலி' என்று துரைமார் பட்டப்பெயர் வைத்தனர்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நோய் பரவிய 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்தது. ஏக்கருக்கான விளைச்சல் குறைந்தபோதும் கைக்கு வந்த பணம் குறையவில்லை. எனவே தோட்டக்காரர் கடன்பட்டு மேலும் காட்டை வெட்டினர். வருமானம் நன்றாயிருந்த அதே ஆண்டுகளில் வருமானத்தின் வேர் அழுகிக்கொண்டிருந்தது. பிரேசில் கோப்பி பெருகி விலையும் வீழ்ந்தபோது தாங்குவதற்கு எதுவுமிருக்கவில்லை. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அதன் நோட்டுகள் வெறும் தாளாகிவிடாமல் காக்க, தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதத்தை வழங்க நேர்ந்தது.

இலண்டனுக்குப் போன பங்கிலாபம்

ஸ்கொத்லாந்திலிருந்து 1852 இல் இளைஞராக வந்த ஜேம்ஸ் டெய்லர், தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பி மாண்ட இடத்தில் தேயிலை பரவியது. ஆனால் தேயிலைக்கு ஆலை வேண்டும், இயந்திரம் வேண்டும், ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க நிரந்தரமாக ஆட்கள் வேண்டும். தனியொருவரின் முதல் போதாது. ஆகவே கம்பனிகள் தோன்றின. இலண்டனில் பதிவானவை ஸ்டேர்லிங் கம்பனிகள் என்றும், கொழும்பில் பதிவானவை ரூபாய்க் கம்பனிகள் என்றும் வழங்கப்பட்டன. அப்பங்குகளைக் கைமாற்றுவதற்கென்றே கொழும்பில் 1896 இல் பங்குத் தரகர் சங்கம் உருவாயிற்று. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தையின் மூலம் அதுவே.

புசல்லாவை வழியாகப் போவோர் ரொத்சைல்ட் தோட்டத்தைக் கண்டிருப்பர். ரொத்சைல்ட் குடும்பத்தின் உறவினரான வோர்ம்ஸ் சகோதரர் 1841 இல் திறந்த தோட்டம் அது. பின்னர் அது சிலோன் கம்பனியிடம் போயிற்று. கோப்பியோடு அக்கம்பனியும் விழ, அதன் சொத்துக்களைக் கொண்டு 1887 இல் ஈஸ்டர்ன் புரொடியூஸ் என்ற புதிய கம்பனி எழுந்தது. பழைய பங்காளர் இழந்தனர். புதியவர் மலிவாக வாங்கிப் பலகாலம் பயன் பெற்றனர்.

இங்கிலாந்தில் ஓய்வூதியரும் விதவைகளும் பாதிரிமாரும் இப்பங்குகளை வாங்கி வைத்தனர். தோட்டத்தை அவர்கள் கண்டதில்லை. கொழும்பிலிருந்த முகவர் நிலையம் கணக்கனுப்பும்; ஆண்டுக் கூட்டம் இலண்டனில் நடக்கும்; பங்கிலாபம் வீட்டுக்கு வந்து சேரும். நல்ல ஆண்டுகளில் வருமானத்தின் பெரும் பங்கு பங்காளருக்கே பிரித்தளிக்கப்பட்டது.

கணக்கில் வராதவர்கள்

அந்தப் பங்கிலாபத்தை விளைவித்தவர் யார் என்பது நமக்குத் தெரிந்ததே. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள். வழியில் மடிந்தோர் கணக்கு முழுமையாக எங்கும் இல்லை. கங்காணியின் கடனோடு தோட்டத்துக்குள் புகுந்தவர், அக்கடன் தீர்ந்ததற்கான துண்டு இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது. காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, நிர்ணயித்த எடை பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927 இல் வந்தபோதும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகவே நிர்ணயிக்கப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தச் சம்பளமும் வெட்டப்பட்டது. 1933 இன் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை நிமிர்த்தியது.

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. பங்குகளோ தொடர்ந்து இலாபம் ஈட்டின. ஆனால் தோட்டங்கள் அரசுடைமையாகும் என்ற அச்சம் இலண்டனில் வளர்ந்தது. எப்போது போகுமோ என்றிருக்கும் நிலத்தில் மறுநடுகைக்கு யார் பணம் போடுவார்? தேயிலையைப் பிடுங்கி மறுபடி நட்டால் சில ஆண்டுகள் வருமானமில்லை. எனவே பழைய செடிகளிலேயே பறித்தனர், கிடைத்ததைப் பங்கிட்டனர். 1964 இல் பங்கிலாபத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே அரசு இடைநிறுத்தியது. 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் காணிகளையும், 1975 இன் திருத்தச் சட்டம் கம்பனிகளின் தோட்டங்களையும் அரசுடைமையாக்கின. ஈஸ்டர்ன் புரொடியூஸ் என்ற பெயர் இன்று கென்யாவிலும் மலாவியிலும் தேயிலை விளைவிக்கிறது. கம்பனிக்குப் போக வேறு நாடு இருந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு 1973-74 பஞ்சம் வந்தது. கண்டி மாவட்டத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து அவர்கள் விரட்டப்பட்டதும் அக்காலத்திலேயே.

பத்து வீதம்

அரசு நிர்வாகம் நட்டத்தில் மூழ்க, 1992 இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டுத் தனியார் முகாமைக்குக் கொடுக்கப்பட்டன. நிலம் அரசினுடையது; குத்தகை 2045 வரை. 1995 முதல் பங்குகள் விற்கப்பட்டபோது 51 வீதம் முகாமைக் கம்பனிகளுக்குப் போக, 10 வீதம் ஊழியருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. பல தலைமுறைகளுக்குப் பின்னர் கொழுந்து பறித்த கை முதன்முதலாகப் பங்குப் பத்திரத்தைத் தொட்டது.

நான் சந்தித்த குடும்பங்கள் சிலவற்றில் அந்தத் தாள் என்னவென்று விளக்க ஒருவரும் வரவில்லை. கல்யாணச் செலவுக்கும் வைத்தியத்துக்குமாகக் கிடைத்த விலைக்கு விற்றோர் உண்டு. அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. மாதச் சம்பளமே போதாதவர், ஆண்டு கடந்து வரக்கூடிய பங்கிலாபத்துக்காகக் காத்திருக்க முடியாது. நீண்டகால முதலீடு என்பதே, காத்திருக்க வசதியுள்ளவனின் தொழில்.

தனியாருக்குப் போகாமல் அரசிடம் எஞ்சியவற்றுள் தேயிலை பிறந்த லூல்கந்துரவும் ஒன்று. அதை நிர்வகிக்கும் அரச நிறுவனம் தொழிலாளரின் சேமலாப நிதியையே பல ஆண்டுகள் கட்டாது நிலுவை வைத்தது. கண்டியைச் சூழ்ந்த மத்திய மலைப் பகுதியில் நூறாண்டு கடந்த விதைத் தேயிலைச் செடிகளும், இடையிடையே செடியற்ற வெற்றிடங்களும் இன்றும் காணக் கிடைக்கும். அன்று பங்கிலாபமாகப் போன பணம் மண்ணுக்குத் திரும்பியிருந்தால் அந்த வெற்றிடங்களில் பல இருந்திரா என்பது என் எண்ணம்.

இன்றைய குழாய்கள்

குழாய்வழிக்கும் தேயிலைக்கும் வேறுபாடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் பங்கிலாபம் எவராலும் வாக்களிக்கப்பட்ட வட்டியன்று. இன்டர் பைப்லைன் என்ற கனடியக் கம்பனி 2020 இல் மாதப் பங்கிலாபத்தை 14.25 சதத்திலிருந்து 4 சதமாக வெட்டியது. அமெரிக்க அனுமதி இரத்தாகியதால் கீஸ்டோன் எக்ஸ்.எல். திட்டம் 2021 இல் கைவிடப்பட்டது. டிரான்ஸ் மவுண்டன் குழாயை 2018 இல் கனடிய அரசே 450 கோடி டொலருக்கு வாங்க நேர்ந்தது. இம்மூன்றிலும் கண்டியின் நிழலை நான் காண்கிறேன்: சந்தையின் சரிவு, அரசியலின் முடிவு, நிலத்தின் மீதான வழக்கு.

ஆறுதலான செய்தியும் ஒன்றுண்டு. 2022 இல் என்பிரிட்ஜ் கம்பனி அதபாஸ்கா பிரதேசத்தின் ஏழு குழாய்வழிகளில் 11.57 வீத உரிமையை 23 பூர்வகுடிச் சமூகங்களுக்கு 112 கோடி டொலருக்கு விற்றது. தனித்தனி ஆட்களின் கையில் தாளாகக் கொடுக்காமல், சமூகங்கள் ஒன்றுசேர்ந்து வாங்கிய உரிமை என்பதால் அவசரத்துக்கு ஒருவர் விற்றுவிட முடியாது. நம் தோட்ட மக்களுக்குக் கிடைத்த பத்து வீதமும் இவ்வாறு கூட்டுச் சொத்தாக நிறுத்தப்பட்டிருந்தால், 2045 இல் குத்தகை முடியும்போது பேச்சு மேசையில் அவர்களுக்கும் ஓர் ஆசனம் இருந்திருக்கும்.

பங்கு வாங்கும் அன்பர்கள் பங்கிலாபம் எத்தனை வீதம் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். அது இவ்வாண்டு உழைப்பிலிருந்து வருகிறதா, கடனிலிருந்து வருகிறதா, மறுநடுகையைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடித்ததா என்று கணக்கறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். குழாய் போகும் நிலத்தில் குடியிருப்பவர் என்ன சொல்கிறார் என்பதையும் விசாரியுங்கள். கண்டிச் சீமையின் பங்குகளை வாங்கிய இலண்டன் கனவான்கள் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதாக எந்த ஆண்டறிக்கையிலும் நான் படித்ததில்லை.