ஹாஸ்டலில் தீ, பாம்புக்கடி... முதல் 10 நிமிஷம் என்ன செய்யணும்?

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து 6 பேர் உயிரிழந்தனர். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களும் உண்டு. மாடி மாடியாக ஹாஸ்டல் இருக்கும் எந்தக் கல்லூரிக்கும் இது எச்சரிக்கைதான். தீ என்றால் லிஃப்ட் பக்கமே போகக்கூடாது, படிக்கட்டு மட்டும்தான். பெரும்பாலும் உயிரைப் பறிப்பது நெருப்பைவிட புகை. அதனால் குனிந்தபடி நகரணும். கதவு சுட்டால் திறக்காதீங்க. இடுக்கில் ஈரத்துணியை அடைச்சுட்டு ஜன்னலில் நின்று குரல் கொடுங்க.

ஆத்தூர் தாலுகாவில் இன்னொரு ஆபத்து பாம்பு. 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராம கிராமிய நிறுவனம் சிறுமலைக்குப் பக்கத்தில்தான் இருக்கு. இரவில் டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிசா தெரியாது, 'எறும்பு கடிச்சிருக்கும்' என்று தூங்கிவிடுவாங்க. அதுதான் சிக்கல். கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் தப்பு. மோதிரம், கொலுசைக் கழற்றிட்டு, கை காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகணும். பாம்பைப் பிடிக்க நேரத்தை வீணாக்காதீங்க. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

ஆம்புலன்ஸுக்கு 108. போலீஸ், தீயணைப்பு உள்பட எல்லா அவசரத்துக்கும் 112. போனில் கல்லூரிப் பெயர் மட்டும் போதாது. எந்த கேட், எந்த பிளாக் என்று சொல்லிவிட்டு, ஒருத்தரை கேட்டில் நிறுத்துங்க.