கேரவன் மண்டபத்தின் வாசல்: முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு, 1939

1939 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் கேரவன் மண்டபத்தில் ஏறத்தாழ 200 பேர் கூடினர். முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு என்று பின்னாளில் எண்ணப்படும் அக்கூட்டம் மூன்று நாள் நீடித்தது. அதே கோடையில் ‘நாளைய உலகம்’ என்னும் கருப்பொருளில் உலகப் பொருட்காட்சி ஒன்றும் அந்நகரில் நடைபெற்றுக்கொண்டிருந்தது. மாநாட்டின் பெயரிலுள்ள ‘உலகம்’ அப்பொருட்காட்சியை ஒட்டி வந்ததே. பல நாட்டினரும் திரண்டதனால் வந்ததன்று.

இச்சமூகம் கடிதங்களில் பிறந்தது. ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ், வாசகர் கடிதங்களை முகவரியுடன் வெளியிட்டது. வாசகர்கள் ஆசிரியரைக் கடந்து ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர். கையச்சுப் பொறியில் சிற்றிதழ்கள் தோன்றின. நகர்தோறும் மன்றங்கள் எழுந்தன. முகம் அறியாத நட்பு, ஒரு கட்டத்தில் முகம் காண விழைந்தது. 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கூடிய சிறு குழுவில் ஆர்தர் சி. கிளார்க்கும் இருந்தார்.

நியூயார்க் மாநாட்டின் சிறப்பு விருந்தினர், அமேசிங் முதல் இதழின் அட்டையை வரைந்த ஓவியர் ஃபிராங்க் ஆர். பால். ‘மெட்ரோபோலிஸ்’ திரைப்படம் காட்டப்பட்டது. வந்தவருள் பலர் இளைஞர். பதினெட்டு வயதான ரே பிராட்பரி, நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனிடம் கடன் பெற்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்தார். உடன் கொணர்ந்த மற்றொரு நண்பர் ஹானஸ் போக்கின் ஓவியங்களை ‘வியர்ட் டேல்ஸ்’ ஆசிரியரிடம் காட்டினார்; அவ்வாண்டு டிசம்பர் இதழில் போக்கின் ஓவியம் இடம்பெற்றது. அக்கர்மனும் மிர்ட்டில் ஜோன்ஸும் எதிர்கால உடை அணிந்து உலவினர். அவ்வுடைகளைத் தைத்தவர் ஜோன்ஸ். இருவரும் எஸ்பெராண்டோ ஆர்வலர்கள். ‘மொரோயோ’ என்னும் அவருடைய புனைபெயரே, அவர் பெயரின் தலைப்பெழுத்துகளை அம்மொழியில் ஒலித்து அமைத்ததாகும்.

ஆயின் வாசலில் அறுவர் தடுக்கப்பட்டனர். டொனால்ட் வொல்ஹைம், ஃபிரெடெரிக் போல், சிரில் கார்ன்ப்ளுத், ஜான் மிஷேல், ராபர்ட் லௌண்டஸ், ஜாக் கில்லெஸ்பி ஆகிய அவர்கள் ‘ஃப்யூச்சரியன்’ என்னும் நியூயார்க் குழுவினர். தடுத்தவர்கள் மாநாட்டை நடத்திய சாம் மாஸ்கோவிட்ஸ், வில் சைகோரா, ஜேம்ஸ் டௌராசி. மாஸ்கோவிட்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயது நிரம்பிச் சில நாள்களே ஆகியிருந்தன. மாநாட்டுக் குழுவின் எதேச்சாதிகாரத்தைக் கண்டித்த துண்டறிக்கைகள் மண்டபத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தமை உடனடிக் காரணமாயிற்று. அவற்றை எழுதியவரோ, உள்ளே அனுமதிக்கப்பட்ட டேவிட் கைல். அக்குழுவைச் சார்ந்த ஐசக் அஸிமோவும் உள்ளே சென்றார். அவருடைய முதல் கதை அச்சேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நண்பர்கள் வெளியே நிற்க அவர் உள்ளே அமர்ந்திருந்தார்.

பகையின் வேர் இன்னும் ஆழமானது. 1937 அக்டோபரில் ஃபிலடெல்பியாவில், மிஷேல் எழுதிய உரையை வொல்ஹைம் வாசித்தார். எதிர்காலத்தைக் கற்பனை செய்வோர் பாசிசத்துக்கு எதிராக, இடதுசாரி நோக்கோடு செயல்படவும் வேண்டும் என்பது அதன் சாரம். அத்தீர்மானம் தோற்றது. இலக்கிய ரசனைக்குள் அரசியல் கூடாது என்பது மாஸ்கோவிட்ஸ் தரப்பின் நிலை. தனிப்பட்ட போட்டியும் இதனுடன் கலந்திருந்தது. கடிதத்தில் நிகழும் வாதத்துக்கு வாசல் கிடையாது, மண்டபத்துக்கு உண்டு. யார் நம்மவர் என்ற வினாவை அவ்வாசல்தான் முதன்முறையாகக் கட்டாயமாக்கியது.

இந்நிகழ்வின் வரலாற்றை முதலில் விரிவாக எழுதியவர் மாஸ்கோவிட்ஸ், அதாவது, தடுத்தவரே. 1954-இல் நூலாக வந்த அவருடைய ‘தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்’ நீண்ட காலம் முதன்மைச் சான்றாக நின்றது. டேமன் நைட்டின் ‘தி ஃப்யூச்சரியன்ஸ்’ 1977-இலும், போலின் நினைவுக்குறிப்பு 1978-இலும்தான் வெளிவந்தன. எனவே, ஏறத்தாழ ஒரு தலைமுறை அந்நாளை வாசலின் ஒரு பக்கத்திலிருந்தே பெரிதும் கண்டது. தடுக்கப்பட்டோரின் பெயர்களில் பூசல் இல்லை. நோக்கங்களைப் பற்றியே பூசல். வாய்மொழிச் சான்றுகளையும் நினைவுக்குறிப்புகளையும் ஆய்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

போலும் கார்ன்ப்ளுத்தும் இணைந்து எழுதிய ‘தி ஸ்பேஸ் மெர்ச்சண்ட்ஸ்’ 1953-இல் நூலாயிற்று. 1956-இல் நியூயார்க்கில் மீண்டும் கூடிய உலக மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர், துண்டறிக்கை எழுதிய அதே கைல். போல் 1972-இலும் வொல்ஹைம் 1988-இலும் உலக மாநாட்டின் சிறப்பு விருந்தினராயினர். கார்ன்ப்ளுத் 1958-இலேயே, முப்பத்தைந்து வயது நிரம்புமுன் மறைந்தார். அத்தகைய அழைப்பு அவருக்கு வாய்க்கவில்லை.