சொப்பா, கிச்சன் செட்டா?

ஒன்றரை வயது தாண்டிய பிள்ளை ஒருநாள் காலி டம்ளரை எடுத்து வாயில் வைத்து, குடித்து முடித்த மாதிரி ‘ஆ’ என்று ஒரு சத்தம் விடும். இரண்டு வயதை நெருங்கும்போது அதே டம்ளர் பொம்மையின் வாய்க்குப் போகும். பிறகு தாத்தாவின் வாய்க்கு. தாத்தாவும் குடித்துவிட்டு, “சக்கரை கம்மியா இருக்கேம்மா” என்று குறை சொல்லியாக வேண்டும். சமையல் விளையாட்டு இப்படி, கடைக்குப் போகாமலே ஆரம்பித்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் வீட்டில் வாங்கும் பேச்சு எழும். அத்தை சொப்பு சாமான் என்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா போனை நீட்டி, குழாயும் அடுப்பும் வைத்த ஒரு கிச்சன் செட்டைக் காட்டுவார். செஞ்சியை அடுத்த வல்லம் போன்ற ஊருக்கும் இன்று இரண்டும் வந்து சேர்ந்துவிடுகின்றன. எது நல்லது என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிட முடிவதில்லை. காரணம், இவை ஒரே வேலைக்கான இரண்டு சாமான்கள் இல்லை.

சொப்பு என்பதற்குள்ளேயே பல ஜாதி உண்டு. தாமிரபரணிப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பூசிக்கொள்ளும். தூரிகை வேலை கிடையாது. அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம், அடுப்பு எல்லாம் உள்ளங்கையில் அடங்கும். மாக்கல்லில் குடைந்தவை உண்டு, பனையோலையில் முடைந்தவை உண்டு, எவர்சில்வரில் அச்சடித்தவை உண்டு. மண் சொப்பு வேண்டுமென்றால் குயவர் வீட்டில் கேட்கலாம். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய வில்லியனூரும் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு எட்டாத தூரமில்லை.

கிச்சன் செட் என்பது வேறு. அது பாத்திரம் இல்லை, அறை. உலகம் முழுக்க விற்கும் ஐக்கியா நிறுவனத்தின் ‘டுக்டிக்’கை எடுத்துக்கொள்வோம். அகலம் 72 சென்டிமீட்டர், ஆழம் 40, உயரம் 109. மேடை, தொட்டி, குழாய், தொட்டால் சிவப்பாக ஒளிரும் அடுப்பு, கீழே ஓவன், மேலே தட்டு. மூன்று வயதுக்கு மேல் என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதே அமைப்பில் மலிவான பிளாஸ்டிக் செட்டுகள் நம்மூர்ப் பொம்மைக் கடைகளிலும் இருக்கின்றன, பெரும்பாலும் பேட்டரியோடும் பாட்டோடும்.

இதன் முன்னோரைத் தேடினால் ஜெர்மனியின் நியூரம்பெர்க்குக்குப் போக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே வசதியான வீடுகளில் கூரையில்லாத பெட்டி மாதிரி ஒரு குட்டிச் சமையலறை இருக்கும். சுவர் நிறையத் தாமிரப் பாத்திரம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளியே வரும், முடிந்ததும் உள்ளே போய்விடும். படித்தபோது நம் கொலுப் படிகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கேயும் ஒன்பது நாள் மாக்கல் சொப்பு வரிசையாக உட்கார்ந்திருக்கும். பார்க்கலாம், தொட்டால் அதட்டல் விழும். பத்தாம் நாள் டிரங்குப் பெட்டி. ஆக ‘மேல்நாட்டுக் கிச்சன் செட் பகட்டு, நம்ம சொப்பு எளிமை’ என்று பிரித்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டுக்கும் காட்சிப்பொருளாக வாழ்ந்த ஒரு காலம் இருக்கிறது. கொலு வைக்காத வீட்டுப் பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் ஈரமண்ணை அடைத்துக் கவிழ்த்து இட்லி சுட்டார்கள்.

இன்னொரு விஷயத்திலும் இரண்டும் ஒன்றுதான். வல்லத்தில் இன்று வளரும் இரண்டு வயதுப் பிள்ளை திருகையைப் பார்த்திருக்குமா? வீட்டில் மிக்சி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. அம்மி கொல்லைப்புறத்தில் சாத்தி வைத்திருக்கலாம். ஓவனையும் அது பார்த்ததில்லை. அதாவது சொப்பு பாட்டியின் அடுக்களை, கிச்சன் செட் யாரோ வெளிநாட்டாரின் அடுக்களை. பிள்ளையின் வீட்டு அடுக்களை இரண்டிலும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம். திருகையைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்டால் சுற்றிக் காட்டிப் பதில் சொல்லப் பாட்டி இருக்கிறார். ஓவனுக்குச் சொல்ல ஆள் இல்லாததால் அது சீக்கிரமே செருப்பும் பந்தும் ஒளித்து வைக்கும் அலமாரி ஆகிவிடும். (அதுவும் விளையாட்டுதான் என்பது வேறு.)

அப்படியானால் வீட்டு அடுக்களைக்கு மிக நெருக்கமான பொம்மை எது? அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் திரளும் மேல்மலையனூர் போன்ற கோயில் ஊர்களின் கடைவரிசையில் வலைப்பையில் தொங்குகிறதே, அந்தப் பிளாஸ்டிக் பொட்டலம்தான். ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு, சிவப்பு சிலிண்டர், விசில் வைத்த குக்கர், தோசைக்கல். பிள்ளை தினமும் பார்ப்பதும் கேட்பதும் அப்படியே இருக்கிறது. தரத்தில் மட்டும் அதுதான் கடைசி. ஓரமெல்லாம் பிசிறு, அழுத்தினால் உடைகிற பிளாஸ்டிக், நகத்தளவு விசில். அப்படி வருகிற பொட்டலங்களில் முத்திரை எதுவும் இருப்பதில்லை.

முத்திரை என்றதால் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் சொப்பும் செட்டும் உண்மையில் பிரிகின்றன. பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கப்படக்கூடாது. பேட்டரி இல்லாதவற்றுக்கு ஐ.எஸ். 9873, பேட்டரியிலோ மின்சாரத்திலோ இயங்குபவற்றுக்கு ஐ.எஸ். 15644. கூர்மை, உடைந்து கழலும் துண்டு, சாயத்திலிருந்து கசியும் ஈயம் போன்றவற்றை இவை சோதிக்கின்றன. ஆனால் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைக்கு இந்த ஆணையில் விலக்கு உண்டு. விலக்கு நியாயமானதே, ஊருக்கு ஒருவராக மிஞ்சியிருக்கும் கடைசல்காரரைச் சோதனைச்சாலைக் கட்டணம் கட்டச் சொன்னால் தொழிலே நின்றுவிடும். அதே சமயம், முத்திரை கொண்ட கிச்சன் செட்டை யாரோ சோதித்திருக்கிறார்கள். மரச்சொப்பைச் சோதிக்க வேண்டியவர் வாங்குகிறவர்.

சோதனை கஷ்டமில்லை. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைக்கு உலகெங்கும் ஒரே அளவுக்குழல்தான்: விட்டம் 31.7 மில்லிமீட்டர். ஏதாவது ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் அதற்குள் முழுசாக அடங்கிவிடும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடும். அம்பாசமுத்திரம் செட்டில் பல உருப்படிகள் இதில் தோற்றுவிடும். குட்டி டம்ளர், மூடி, குழவி எல்லாமே. உலக்கை குழலுக்குள் அடங்காது, ஆனால் அதை வாயில் வைத்துக்கொண்டு ஓடிக் குப்புற விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். மரச்சொப்பை ஊறவைக்கக்கூடாது, பிள்ளையோ முதல் காரியமாகத் தண்ணீர்தான் ஊற்றும். மண் சொப்பு உடைந்தால் கூரான சில்லு. கிச்சன் செட்டிலும் குறை இருக்கிறது: சுவரோடு பிணைக்காவிட்டால் ஏறும் பிள்ளைமேல் சாயும். பொத்தான் பேட்டரி போட்ட பாகம் இருந்தால் அதன் மூடி திருகாணியால் பூட்டியதாக இருக்க வேண்டும். விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

கிச்சன் செட்டுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும், சொப்புப் பிரியர்கள் இதைக் கவனிப்பதில்லை. இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 86 சென்டிமீட்டர். நம் வீட்டுச் சமையல் மேடையும் அதே உயரம்தான் இருக்கும். விறகடுப்பும் அருவாமனையும் தரையில் இருந்த நாளில் பிள்ளை சமையலை மேலிருந்து பார்த்தது. இப்போது மேடையின் அடிப்பக்கத்தையும் அம்மாவின் முழங்கையையும்தான் பார்க்கிறது. சத்தமும் வாசனையும் மேலே நடக்கின்றன. அதனால்தான் ‘தூக்கு தூக்கு’ என்று காலைக் கட்டிக்கொள்கிறது. நின்றபடி குமிழைத் திருக, குழாயைத் திறக்க, அடுப்பின் தலையைப் பார்க்க ஓர் இடம் கிடைப்பது அதற்குப் பெரிய காரியம்.

சொப்பின் பலம் வேறு. அது நகரும். திண்ணையில் பாட்டி கீரை ஆய்ந்தால் திண்ணைக்கு வரும், அம்மா துணி மடித்தால் அங்கே வரும். பெரியவர் இருக்கும் இடத்துக்குத் தானாக வந்துவிடுவதால் பேச்சும் கூடவே வருகிறது. பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தார் 26 குழந்தைகளையும் பெற்றோரையும் வைத்து நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். ஒலியும் ஒளியும் கொண்ட மின்பொம்மை கையில் இருக்கும்போது பெற்றோர் பேசுவது குறைந்துவிடுகிறது. சாதாரணப் பொம்மைகளோடும் புத்தகத்தோடும் அதிகம் பேசுகிறார்கள். பொம்மையே ‘சப்பாத்தி ரெடி’ என்று இந்தியில் பாடிவிட்டால் தாத்தா சக்கரை கம்மி என்று சொல்ல எங்கே இடம்?

எண்ணிக்கையும் யோசிக்க வேண்டியது. ஐம்பது உருப்படி, அறுபது உருப்படி என்று அட்டையில் பெரிதாகப் போட்டு விற்பார்கள். ஒகாயோ மாநிலத்தின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையான 36 குழந்தைகளை, ஒருமுறை 4 பொம்மையோடும் ஒருமுறை 16 பொம்மையோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவு: நான்கே இருந்தபோது ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், விதவிதமாக விளையாடினார்கள். ஆக அறுபது உருப்படிப் பெட்டியில் ஐம்பத்தைந்தை மேலே பரணில் போட்டுவிடலாம்.

ஆண்பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பாகுபாடு நம் இலக்கியத்திலேயே ஊறிய பழக்கம். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் கபிலர் காட்டும் சிறுவன் பெண்கள் மணலில் கட்டிய சிற்றிலைக் காலால் கலைக்கிறான். ஆண்பால் பிள்ளைத்தமிழிலும் சிற்றில் சிதைத்தல் ஒரு தனிப் பருவம். சிறுமிகள் சிறுசோறு ஆக்குவார்கள், அவன் வந்து உதைப்பான். இரண்டு வயதுப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. கரண்டி கிடைத்தால் கிண்டுவான்.

அந்த மணல் சோறு இன்றும் சும்மா கிடைக்கிறது, வல்லத்தில் மண்ணுக்கா பஞ்சம்? கொட்டாங்குச்சியும் பூவரசு இலையும் போதும். பக்கத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் உட்கார வேண்டும், ஏனெனில் பொரியலுக்குப் பூவும் காயும் பறிக்கப் போகிற கை மஞ்சள் அரளிக்கும் ஆமணக்குக்கும் குன்றிமணிக்கும் போகும். மூன்றும் நஞ்சு. வேலியோரம் இவை இருந்தால் விளையாட்டுக்கு வேறு மூலை பார்ப்பது நல்லது.

என்னைக் கேட்டால், மூன்று வயதுக்குள் பொம்மைக் கடைக்கே போக வேண்டியதில்லை. செஞ்சி பஜாரில் எந்தப் பாத்திரக் கடையிலும் அளவுக்குழலில் அடங்காத எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, டம்ளர் ஒன்று, மூடியோடு சின்னத் தூக்கு ஒன்று, குட்டைக் கரண்டி ஒன்று வாங்கலாம். தண்ணீர் ஊற்றினாலும் கடித்தாலும் எறிந்தாலும் தாங்கும். அம்மா கையில் இருப்பதும் அதே ஜாதி. அம்பாசமுத்திரம் சொப்பு ஆசையாக வந்து சேர்ந்தால் குடமும் அடுப்பும் போலப் பெரிய உருப்படியை மட்டும் கொடுத்துவிட்டு மீதியைப் பாட்டி டப்பாவில் பூட்டி வைக்கட்டும். அரக்கில் சேர்த்த நிறம் இயற்கையானதா என்று விற்கிறவரையே கேட்கலாம். தொழில் தெரிந்தவர் தயங்காமல் சொல்வார். மூன்று வயதுக்கு மேல் இடமும் பணமும் இருந்து கிச்சன் செட் வாங்குவதானால் பேட்டரி இல்லாத மரச் செட்டாகப் பார்த்து, சுவரில் ஆணியடித்துப் பிணைத்து வைக்கலாம். இடமில்லாத வீட்டில் மர ஸ்டூலின் மேல் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டால் கேஸ் அடுப்பு தயார். சிலிண்டரைப் பிள்ளையே கண்டுபிடித்துக் கொண்டுவரும்.

எதை வாங்கினாலும் வைக்கும் இடம் சமைக்கிறவர் கண்ணில் படும்படி, சமையலறை வாசலுக்கு வெளியே இருக்கட்டும். அடுப்பிலிருந்து குண்டானை இறக்கிக் கஞ்சி வடிக்கப் போகும் பாதையில் மட்டும் வேண்டாம்.