ஆய்தம்

ஃ என்ற எழுத்தைப் பள்ளிப் பிள்ளைகள் ‘ஆயுத எழுத்து’ என்பார்கள். மூன்று புள்ளியைக் கேடயமாகப் பார்க்கும் விளக்கம் அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தொல்காப்பிய உரியியலில் ‘ஆய்தல்’ நுணுகுதலைக் குறிக்கிறது. நுணுகி ஒலிப்பது ஆய்தம் என்பதே பொருந்துகிறது. அஃகேனம், தனிநிலை என்றும் பெயர் உண்டு.

கணினி எழுத்துத் தரமான யூனிகோடு இதற்கு வைத்த பெயரோ ‘தமிழ் சைன் விசர்கா’. 1991இல் வந்த முதல் பதிப்பு இந்திய எழுத்துகளுக்கு 1988இன் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. தேவநாகரிக் கட்டத்தில் விசர்க்கம் என்ற இருபுள்ளிக் குறி இருந்த இடத்தில் ஃ போய் உட்கார்ந்தது. சூட்டிய பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. பட்டியலில் ‘ஆய்தம்’ என்று பக்கக் குறிப்பு போட்டதோடு சரி.

நல்லவேளை, நிரல்கள் பெயரைப் பார்த்து நடப்பதில்லை. எழுத்துக்குரிய வகையைப் பார்க்கின்றன. தேவநாகரி விசர்க்கம் முன்னெழுத்தோடு ஒட்டும் ‘குறி’. ஃ தனித்து நிற்கும் ‘எழுத்து’. தனிநிலை என்ற பழம்பெயர் இங்கே பலித்துவிட்டது!

வேடிக்கை வேறிடத்தில் இருக்கிறது. இணையப் படிவத்தில் ‘எழுத்து வகை மட்டும்’ என்று ஜாவாஸ்கிரிப்டில் சோதனை வைத்தால் ஃ தடையின்றிப் போகும். ஊர்ப்பெயர்க் கட்டத்தில் ‘ஆரணி’ என்று அடித்தால் நின்றுவிடும்: ஆ, ர, ண மூன்றும் எழுத்து, கடைசி இகரக் கொக்கி குறி. குறிகளையும் சேர்த்து அனுமதித்தால்தான் ஆரணிக்காரர் உள்ளே நுழையலாம்.